பறக்கும் உரிமை ஆணுக்கு மட்டுந்தானா?

போளூரில் நெசவாளர் வாழும் தெரு ஒன்றில் நாம் கண்ட காட்சி இது. துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு நாலு பையன்கள் திண்ணையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். மாயசக்தி படைத்த வீரர்களாம்! எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தூணோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். "நீ குதிக்கலையாம்மா?" என்று கேட்டோம். "நான் காப்பாத்தப்படறவ. கத்தினா போதும்னு சொல்லிட்டாங்க" என்றாள். சொன்னவிதத்தில் அத்தனை அலுப்பு!

பையன்கள்மீது நமக்குக் கோபமில்லை. திரையில் கண்டதைத் திண்ணையில் நடிக்கிறார்கள். 2012-இல் வந்த 'முகமூடி'யில் முகமூடி ஜீவாவுக்கு. 2019-இல் வந்த 'ஹீரோ'வில் சிவகார்த்திகேயனுக்கு. 2023-இல் வந்த 'மாவீர'னும் அவரே. அந்தப் படத்தில் வீரனின் காதில் மட்டும் ஒலித்து வழிகாட்டுகிறதே ஓர் அசரீரிக் குரல், அதுவாவது பெண்குரலா? இல்லை, விஜய் சேதுபதியின் குரல்!

அப்படியானால் தமிழ்த்திரையில் பெண்ணுக்குச் சக்தியே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு தோழர்களே, தாராளமாக உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. அவள் தெய்வமாக இருக்கவேண்டும். இல்லையேல் பேயாக இருக்கவேண்டும். 1971-இல் 'ஆதிபராசக்தி', 2020-இல் நயன்தாரா தோன்றிய 'மூக்குத்தி அம்மன்' என்று தெய்வங்களின் வரிசை நீளம். தெலுங்கிலிருந்து வந்து தமிழ்நாட்டில் கொட்டகைகளை நிரப்பிய 1995-ஆம் ஆண்டின் 'அம்மன்' படத்தை எண்ணிப்பாருங்கள். சௌந்தர்யா ஏற்ற மானிடப் பெண்ணுக்குக் கண்ணீர். ரம்யா கிருஷ்ணன் ஏற்ற அம்மனுக்குச் சூலம். 2014-இல் வந்த 'அரண்மனை'யில் ஹன்சிகா ஏற்ற பெண், உயிரோடிருந்தவரை தன்னைக் காத்துக்கொள்ள வலுவற்றவள். கொலையுண்ட பிறகுதான் எல்லோரும் அவளுக்கு அஞ்சுகிறார்கள். ஆண் மனிதனாகவே பறக்கலாம். பெண் பறக்கவேண்டுமானால் கோயிலுக்குள் போகவேண்டும், அல்லது சுடுகாட்டுக்குப் போகவேண்டும். இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

போளூர்ப் பக்கத்து மக்களுக்கு இந்த நியாயம் பழக்கப்பட்டதே. ஆடி வெள்ளிதோறும் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் கால்வைக்க இடமிராது. அந்த ரேணுகையின் கதை என்ன? கணவன் ஆணையிட, பெற்ற மகனே வெட்டிய தாயின் கதை. வெட்டியபோது தடுக்க ஒரு கை எழவில்லை. தெய்வமானபின் கும்பிடக் கோடிக் கைகள்! வழிபாட்டைப் பற்றிய நம் கருத்து நாடறிந்தது, அதை இங்கே பேசவரவில்லை. கும்பிடுகிற கூட்டத்தில் பாதிக்குமேல் பெண்கள் என்பதையும், வீடு திரும்பியதும் அவர்களுக்குத் தார் சுற்றுகிற வேலை காத்திருக்கிறது என்பதையும் மட்டுமே சொல்கிறோம். பட்டுச் சேலை ஒன்றில் அவர்கள் உழைப்பு எத்தனை நாள்! ஆனாலும் நெசவாளி யார் என்று கேட்டால் கை நீள்வது தறியில் அமர்ந்த ஆணை நோக்கித்தான்.

திரையுலகம் என்றைக்கும் இப்படி இருந்ததென்று எண்ணவேண்டாம். 1935-இல் பம்பாயில் வாடியா நிறுவனம் எடுத்த 'ஹண்டர்வாலி'யில் நாடியா சவுக்கேந்தி, முகமூடியணிந்து, கொடியவர்களைப் புடைத்தெடுத்தார். அடுத்த ஈராண்டில், 1937-இல், தமிழிலேயே 'மின்னல்கொடி' வந்தது. சாகும் தறுவாயில் ஒரு கொள்ளைக்காரன் விட்டுச்சென்ற பெயரையும் பணியையும் ஏற்றுக்கொள்ளும் பெண்ணாக கே. டி. ருக்மணி அதில் நடித்தார். அவர் தேவியுமல்லர், ஆவியுமல்லர். பேசும்படம் தமிழில் பிறந்து ஆறே ஆண்டுகளான காலம் அது! பின்னர் 1990-இல் விஜயசாந்தி போலீஸ் உடையில் வந்த தெலுங்குப் படம் 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' என்று தமிழ் பேசியபோதும் நம் மக்கள் முகஞ்சுளிக்கவில்லை, ஓட ஓடப் பார்த்தார்கள்.

பணம் போடுகிறவனுக்கல்லவா தெரியும் கஷ்டம் என்பார்கள் படமுதலாளிகள். 2023-இல் மூன்று பெண்களை முன்னிறுத்தி அமெரிக்க நிறுவனம் எடுத்த 'தி மார்வெல்ஸ்' தோற்றதைக் காட்டுவார்கள். தோற்றது உண்மை. 2017-இல் 'வொண்டர் வுமன்' உலகெங்கும் 80 கோடி டாலருக்குமேல் வசூலித்ததும் உண்மை. நம் 'முகமூடி'யும் எதிர்பார்த்தபடி ஓடவில்லையே! அதற்காக ஆண்களை வைத்து இனி வீரப்படம் எடுப்பதில்லை என்று யாராவது சபதம் செய்தார்களா? ஆண் தோற்றால் அந்தப் படம் தோற்றது. பெண் தோற்றால் பெண்ணினமே தோற்றதாம். நல்ல கணக்கு!

2019-இல் 'ஹீரோ'வின் நாயகனுக்குக் காதலியாக நின்ற நடிகை யார் தெரியுமா? கல்யாணி பிரியதர்ஷன். அவரையே 2025-இல் கேரளத்தார் 'லோகா' படத்தில் சந்திராவாக்கினார்கள். வானில் பாய்கிறவள் அவளே, படத்தைச் சுமக்கிறவளும் அவளே. 300 கோடி ரூபாயைத் தாண்டியது வசூல். அவளும் யட்சி வழிவந்தவள்தான், நாம் சொன்ன நிபந்தனை அங்கும் முற்றாகத் தளரவில்லை. ஆனால் பலிகேட்கும் பேயாக அவளை விட்டுவிடாமல், அரசனின் கொடுமைக்கு ஆளான பழங்குடிச் சிறுமியாக அவள் கதையைத் திருப்பி எழுதினார்கள்.

அந்த யட்சி யார்? கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு எங்கே இருக்கிறது? நாகர்கோவிலுக்குப் பக்கத்தில், நமது கன்னியாகுமரி மாவட்டத்தில்! கதை நம் மண்ணில் கிடந்தது. நடிகை நம் படத்தில் காதலியாக நின்றார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கண் கோடம்பாக்கத்தில் ஒருவருக்கும் இல்லாமற் போயிற்று. படம் தமிழ் பேசி வந்தபோது டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் நாம்.