பிரஷ் குளித்ததா?
முகூர்த்த நாளில் பியூட்டிஷியன்களுக்குத் தூக்கமே கிடையாது. விடியற்காலை ஒரு மணப்பெண், ஏழு மணிக்கு இன்னொருத்தி. இரண்டு முகங்களுக்கும் நடுவே அந்த மேக்கப் பிரஷ் குளித்ததா என்று யாரும் கேட்பதில்லை. பட்டுப்புடவையில் ஒரு நூல் பிசகினால் கடையையே இரண்டாக்குகிற நாம், இதைக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறோம். தாராளமாகக் கேளுங்கள். எண்ணெயும் இறந்த செல்களும் படிந்த பிரஷ்ஷில் ஸ்டேஃபிலோகாக்கஸ் பாக்டீரியா சுகமாகக் குடியிருக்கும். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி. அது நம் சொந்தப் பிரஷ்ஷுக்கு. பல முகங்களைத் தொடும் பிரஷ்ஷை ஒவ்வொரு முகத்துக்குப் பிறகும் துடைத்து, 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டுக்கு பேபி ஷாம்பூவும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். ஆனால், ஒழுங்காகக் கழுவுகிறவர்களும் காயவைப்பதில் கோட்டை விடுகிறார்கள். ஈரத்தோடு டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் உலோகக் கழுத்துக்குள் இறங்கும், பசை இளகும், முடி கொட்டும் (விலை உயர்ந்த பிரஷ்ஷுக்கும் இதே கதிதான்). மேசை விளிம்பில், தலை வெளியே நீட்டியபடி படுக்கப் போடுங்கள். கழுவியும் நாற்றம் போகாத மேக்கப் ஸ்பாஞ்சுக்கு மட்டும் வைத்தியம் இல்லை, குப்பைக்கூடைதான்.