விருதை மட்டும் கேட்கும் காது

விஜய் ஐயரைப் பற்றித் தமிழில் நான் படித்த குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், யேலில் கணிதமும் இயற்பியலும் படித்தவர், 2013இல் மெக்ஆர்தர் நல்கை, 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். கடைசியில் 'ஜாஸையும் செவ்வியல் இசையையும் கலந்து தருகிறார்' என்று ஒரு வரியை ஒட்டிவிடுவார்கள். எந்த இசைத்தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்ல மாட்டார்கள். எழுதினவர் கேட்டிருந்தால்தானே சொல்ல?

எனக்கு இதில் இரண்டு தரப்பின் மீது கோபம். ஒரு தரப்புக்கு அந்தப் பெயரின் பின்பாதியே போதும். 'பாத்தியா, நம்மாளு ஹார்வர்டுல இருக்கான்' என்று குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படத்தைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். இன்னொரு தரப்பு நம்முடையது. நவீன இலக்கியம் வாசிக்கிற, சாதி எதிர்ப்பு பேசுகிற தரப்பு. அதே பின்பாதியைப் பார்த்ததும் 'இன்னொரு அவாள் மேதையா, ஆள விடு' என்று நகர்ந்துவிடுகிறது. ஒருத்தர் பெயரைப் பார்த்துக் கைதட்டுகிறார், இன்னொருத்தர் பெயரைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறார். பியானோவை ரெண்டு பேருமே கேக்கல.

முதலில் அந்தக் 'கலவை'யை எடுத்துக்கொள்வோம். மூன்று வயதிலிருந்து பதினைந்து வருடம் அவர் முறையாகக் கற்றது மேற்கத்திய வயலின். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே, காதால் பிடித்தார். தெலோனியஸ் மங்க், டியூக் எலிங்டன், ஆண்ட்ரூ ஹில், செசில் டெய்லர் என்று அவர் காது போன வழியெல்லாம் கறுப்பினப் பியானோ கலைஞர்களின் வழி. பெர்க்லியில் இயற்பியல் ஆய்வுக்குப் போனவர் அதை விட்டுவிட்டு, தாளத்தை உடம்பு எப்படி உணர்கிறது என்பதில் 1998இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இசைகள். அதே வருடங்களில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மனோடு ஊர் ஊராக வாசித்தார். கோல்மனும் ஜார்ஜ் லூயிஸும்தான் அவரை ஆளாக்கியவர்கள்.

கலவை என்றால் கொத்தனார் போடுவது. சிமெண்டும் மணலும் சேர்ந்து சுவரான பிறகு அது எந்த ஆத்து மணல் என்று எவனும் கேட்பதில்லை. ஃபியூஷன் என்ற சொல்லும் இந்த வேலையைத்தான் செய்கிறது. எவரிடம் வாங்கினார், அவர்களுக்கு என்ன நடந்தது என்ற கேள்விகளைப் பூசி மெழுகிவிடுகிறது. 2009இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' தட்டில் 'மிஸ்டிக் ப்ரூ' என்ற பாட்டை ஃபிபோனாச்சி எண்களின் விகிதத்தில் நீட்டியும் குறுக்கியும் வாசித்திருப்பார். 'பார்த்தீர்களா, நம்ம கணக்கு மூளை' என்று இதற்கும் ஒரு சொந்தம் கொண்டாடல் உண்டு. பாட்டு ரோனி ஃபாஸ்டருடையது. 1990களில் ஹிப்ஹாப் இளைஞர்கள் அதை எடுத்துத் தங்கள் பாட்டுக்கு அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். இவ்வளவும் அந்த விகிதத்துக்கு அடியில் ஓடுகிறது. நமக்குக் கணக்கு மட்டும் கேட்கிறதென்றால் காதில்தான் கோளாறு.

இப்போது நம் தரப்புக்கு வருகிறேன். 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. படித்த இந்தியர்களுக்குக் கதவு திறந்தது. அந்தக் கதவைத் திறக்க வைத்ததில் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கதவு வழியாகப் போனவர்களில் யார் அதிகம் என்று நமக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போனபின் 'நாங்கள் உழைத்து முன்னேறினோம்' என்று சொல்லிக் கறுப்பினத்தவரை ஏளனமாகப் பார்க்கும் மனநிலையும் தெரிந்ததுதான். 2014இல் யேலில் படித்த ஆசிய அமெரிக்கர்களின் கூட்டத்தில் விஜய் ஐயர் பேசியது இதைப் பற்றி. அமெரிக்காவில் வெற்றி பெறுவது என்பதே அதன் அசிங்கமான பழங்காலத்தோடு சமரசம் செய்துகொள்வதுதான் என்று, வெற்றி பெற்றவர்களின் முகத்துக்கு நேராக, தன்னையும் சேர்த்துக்கொண்டு சொன்னார். நம்மூரில் சலுகையோடு வளர்ந்த எத்தனை வித்வான்கள் தங்கள் சபாவில் நின்று இப்படிப் பேசியிருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பேச்சோடு நிற்கவில்லை, வாசிப்பிலும் அது இருக்கிறது. ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹியை 2001இல் நியூயார்க் விமான நிலையத்தில் விலங்கிட்டு வைத்திருந்தார்கள். நான் திருடனல்ல என்பதைச் சக பயணிகளிடம் எந்த மொழியில் சொல்வது என்று அவர் தவித்தார். அதிலிருந்து பிறந்தது கவிஞர் மைக் லாடுடன் 2003இல் செய்த 'இன் வாட் லாங்குவேஜ்?'. 'செவ்வியல்' என்று நாம் மரியாதையாகச் சொல்லும் பக்கத்துக்கு வந்தால், ஜெனிஃபர் கோ வாசிப்பதற்காக எழுதி 2017இல் அரங்கேறிய வயலின் கான்செர்ட்டோ. பெயர் 'ட்ரபிள்'. அதில் ஒரு பகுதி வின்சென்ட் சின்னுக்கு. 1982இல் டெட்ராய்ட்டில், ஜப்பானியன் என்று நினைத்து அடித்துக் கொல்லப்பட்ட சீன அமெரிக்க இளைஞர். கொன்றவர்கள் சிறைத் தண்டனை அனுபவிக்கவில்லை.

நான் இருப்பது தாடிக்கொம்பில். இங்கிருந்துகொண்டு இதையெல்லாம் எதுக்குப் பேசணும் என்று கேட்கலாம். 2021இல் வந்த 'அன்ஈஸி' தட்டில் லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி இருவரோடும் வாசித்த 'சில்ட்ரன் ஆஃப் ஃப்ளின்ட்' என்று ஒரு துண்டு இருக்கிறது. ஃப்ளின்ட் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் ஊர். 2014இல் செலவைக் குறைக்கக் குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறியது. எங்கள் ஊரை ஒட்டி ஓடுவது குடகனாறு. திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் கழிவு இந்த ஆற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் இறங்கிய கதை ஊரறிந்தது. 1996இல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டபோது திண்டுக்கல் மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஃப்ளின்டின் பிள்ளைகளுக்கு ஒரு பியானோக்காரர் இசை எழுதினார். குடகனாற்றுக் கிணறுகளுக்கு யார் எழுதினார்கள்? அந்தத் துண்டைக் கேட்டால் இந்தக் கேள்வி வரணும். 'தமிழர் சாதனை' என்று நினைக்க ஆரம்பித்தால் வராது.

இன்னொன்று. ஜாஸின் வேர்களில் ஒன்று நியூ ஆர்லியன்ஸின் சாவு ஊர்வலம். போகும்போது மெதுவாக அழும், புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டம் போடும். அந்த இசையைப் பிறந்த காலத்தில் கண்ணியமானவர்கள் 'இரைச்சல்' என்றார்கள். இங்கே சாவு வீட்டில் பறை அடிப்பவரை நடு ரோட்டில் நிறுத்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, எட்ட நின்று காசு கொடுக்கிற பழக்கம் இன்னும் செத்துப்போகவில்லை. இரண்டும் ஒரே இசை என்று நான் சொல்லவில்லை. கறுப்பின மக்களின் இசையைப் பெரும் கலையாகத் தலைவணங்கிக் கற்றுக்கொண்ட ஒருவரை 'நம்மாளு' என்று கொண்டாடுகிறவர், தன் தெருவுக்கு வரும் பறைக்காரரை 'வாங்க' என்று கூப்பிட மாட்டார் என்றால் அந்தக் கொண்டாட்டத்துக்கு என்ன அர்த்தம்?

அதனால் ரெண்டு தரப்பும் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். 'அன்ஈஸி'யைப் போட்டு முதல் துண்டிலிருந்து கேளுங்கள். பிடிக்காமல் போகலாம், தப்பில்லை. கேட்டுட்டு 'பிடிக்கல'ன்னு சொல்லுங்க, அதுவே மரியாதைதான்.