மினி பஸ் கதையை யார் எழுதுவது?

1985இல் உருவான நாட்டின் முதல் புரோட்டோன் சாகா கார், தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக நிற்கிறது. ஆனால், 1975 முதல் 1998 வரை கோலாலம்பூர் மக்களைச் சுமந்த இளஞ்சிவப்பு மினி பஸ்ஸின் கதையை யார் காப்பது?

பந்திங்கில் வளரும் என் வயதினர் அதில் ஏறியதே இல்லை. தோட்டத்தை விட்டு வேலை தேடி நகருக்குப் போன நம் தாத்தா பாட்டிகள் ஏறினார்கள். கடைசிக் காலத்தில் கட்டணம் 60 சென். எண்ணைப் பார்த்து ஓடிப்போய் ஏறியதும், நெரிசலில் நின்றதும் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன.

பழைய வாகனத்துக்குப் புதிதாகச் சாயம் பூசலாம். அதில் பயணித்தவர் மறைந்துவிட்டால் அவர் கதையை மீட்க முடியாது. “வெறும் பஸ்தானே” என்று சிலர் கேட்கலாம். தோட்டத்திலிருந்து நகருக்கு நம் சமூகம் நகர்ந்த வரலாறு அந்தப் பஸ்ஸிலும் இருக்கிறது.

மாணவர்களே, இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த எண் பஸ்? எங்கே ஏறினீர்கள்? முதல் சம்பளம் எவ்வளவு? அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய படங்களின் பின்னால் பெயர், ஊர், ஆண்டு எழுதி வையுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு மாலைப் பொழுது போதும்.