குழலைத் தாழ்த்தியவர்கள்

2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்த நாட்களில் அருமனையில் எந்த வீட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தாலும் வானை நோக்கிச் சுடும் பீரங்கிகள்தான். ட்ரோன்களை வீழ்த்திய எல்-70, ஷில்கா என்ற பெயர்கள் ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்களுக்கும் பழகிவிட்டன. பட்டாளத்தில் பிள்ளைகள் இருக்கிற ஊர் இது. அவர்களின் பெருமையையோ பயத்தையோ நான் பழிக்க மாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா ஒன்று கேட்டார்: “டீச்சரே, மேல பாத்துச் சுடுற தோக்கைக் கீழ தாத்தினா என்னவாக்கும்?”

தாழ்த்தியிருக்கிறார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை.

கொரியப் போரில், விமானங்களைச் சுட நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்திய அமெரிக்க வண்டிகளை மனிதர்கள்மீது திருப்பினார்கள். படையினர் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘கறி நறுக்கி’. வியட்நாமில் எம்-42 டஸ்டர் வந்தது. இரட்டை 40 மி.மீ. பீரங்கி. சுடுவதற்கு எதிரி விமானம் தென்பகுதிக்கு வரவில்லை. ஆகவே சாலையில் லாரி அணிகளுக்குக் காவலாகவும், முகாம்களின் வேலியோரக் காவலாகவும் அதை நிறுத்தினார்கள். வேலைக்கு வைத்த பெயர் ‘பாதுகாப்பு’.

ஷில்கா, ருஷ்யாவில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். நான்கு குழல்கள், நிமிடத்துக்குச் சுமார் 3,400 குண்டுகள் சுடும் வேகம். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைக்கு எதிராக நின்றவர்களிடம் விமானம் கிடையாது. மலைச்சரிவில் உயரத்தில் இருப்பவர்களைச் சுட டாங்கியின் குழல் போதுமான அளவு மேலே எழாது. ஷில்காவின் குழல் எழும். அதனால் அதன் ரேடாரைக் கழற்றினார்கள். காலியான இடத்தில் குண்டுகளை ஏற்றினார்கள். 2,000 குண்டு சுமந்த வண்டி 4,000 சுமந்தது. வானில் எதிரியைத் தேடிய கண்ணைப் பிடுங்கிவிட்டு வயிற்றை நிரப்பிய இந்த மாற்றத்தை ராணுவ நூல்கள் தொழில்நுட்பத் தகவமைப்பு என்று எழுதும். எனக்கு அப்படி வாசிக்க முடியவில்லை.

விமானத்துக்குக் குறி தவறினால் பின்னால் இருப்பது வானம். தரையில் குறி தவறினால்? கேள்வி கேட்ட அக்காவே சொன்னார்: “கீழ வீடுல்லா இருக்கு.” விமானத்தின் உலோக உடலைக் கிழிக்கச் செய்த 23 மி.மீ. குண்டை மண்சுவர் தடுக்காது. ஆண்கள் போருக்குப் போன, அல்லது ஓடி ஒளிந்த ஊர்களில் அந்தச் சுவருக்குப் பின்னால் அடுப்பெரிப்பது யார், பிள்ளைக்குப் பால் கொடுப்பது யார் என்று கேட்க ராணுவ நூலில் ஒரு பத்தியும் இல்லை.

மறுப்பு வரும் என்று தெரியும். லாரி ஓட்டும் ஏழை வீட்டுப் பையனை அந்த வண்டிதானே பதுங்கித் தாக்குபவர்களிடமிருந்து காப்பாற்றியது? ஆம், காப்பாற்றியது. அவனும் ஒரு தாயின் மகன்தான். அவன் உயிருக்கான விலையைச் சாலையோரத்து இன்னொரு தாயிடம் வசூலித்தது எந்தக் கணக்கு என்பதே என் கேள்வி. அவனை அங்கே அனுப்பியவர்கள் இருவரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை.

தமிழுக்கு இது அந்நியமான கதையல்ல. 2009இல் வன்னியில் இலங்கை அரசு ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்து மக்களை அங்கே போகச் சொன்னது. அந்த வலயங்களுக்குள்ளேயே அரசுப் படை ஷெல் அடித்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. வேறு ஆயுதம், அதே சொல்.

பெண்களுக்கு இந்தச் சொல்லின் திருப்பம் போருக்கு முன்பே பழக்கம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பைக்கில் வந்து தொல்லை செய்கிறவர்களைப் பிடிக்க மாணவியர் விடுதி வாசலில் ரோட்டைப் பார்த்துக் கேமரா வைத்தார்கள். ஓராண்டுக்குள் அது முற்றத்தைப் பார்த்தது. திருப்புவதற்கு ஒரு ஸ்டூலும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதும். யார் மாடியில் போன் பேசினாள் என்று வீட்டுக்குத் தகவல் போனது. ஒரு பெண்ணின் படிப்பு அதோடு நின்றது. பைக்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கேமராவும் பீரங்கியும் ஒன்றல்ல. இரண்டையும் திருப்பியவர்கள் காக்கப்படுகிறவர்களிடம் கேட்காமல் திருப்பினார்கள் என்பது ஒன்றுதான்.

குடிமக்களையும் போரிடுவோரையும் பிரித்தறியாத தாக்குதலைத் தடைசெய்யும் 1977ஆம் ஆண்டின் ஜெனீவா முதல் கூடுதல் நெறிமுறையில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. பாதுகாப்பு பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் முதலில் அதில் கையெழுத்திடட்டும். வானுக்கென்று வாங்கும் ஆயுதத்தை மக்கள் வாழும் தரையை நோக்கித் தாழ்த்த யாருக்கு அதிகாரம், தாழ்த்தினால் செத்தவர்களை யார் எண்ணுவது என்று நாடாளுமன்றத்தில் சொல்லட்டும். அதுவரை, “உங்கள் பாதுகாப்புக்காகத்தான்” என்று யார் சொன்னாலும், குழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாம் பதில் சொல்ல வேண்டும்.