வாக்களிக்கலாம், ஆனால் எண்ணப்படமாட்டாது

நியூயோர்க்கில் வாழும் அமெரிக்கப் பிரஜை ஒருவருக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்குண்டு. அவரே விமானமேறிச் சென்று புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டால் அந்த வாக்கு இல்லாது போய்விடும். மறுபுறத்தில், அத்தீவில் பிறந்த ஒருவர் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தால் அங்கு தம்மைப் பதிவுசெய்து வாக்களிக்கலாம். இருவரிடமும் இருப்பது ஒரே கடவுச்சீட்டுத்தான். ஜனநாயகத்தின் காவலன் என்று தன்னைக் கூறிக்கொள்ளும் ஒரு நாட்டில், உரிமை மனிதனைச் சாராது அவன் நிற்கும் மண்ணைச் சார்ந்திருப்பது விந்தையே.

இந்த விந்தைக்கு வயது நூற்றாண்டுக்கும் மேல். 1898இல் ஸ்பெயினுடனான போரில் வென்று அத்தீவை அமெரிக்கா கைப்பற்றியது. அது அமெரிக்காவுக்கு உரியதேயன்றி அதன் பகுதியன்று என்ற கருத்துக்கு 1901இல் உச்ச நீதிமன்றம் இடமளித்தது. 1917இல் மக்களுக்குக் குடியுரிமை வந்தது. 1952இல் தீவுக்கெனத் தனி அரசியலமைப்பு வந்தது. சமமான பிரதிநிதித்துவம் மட்டும் இன்றுவரை வரவில்லை. முதலாம் உலகப் போர் முதல் அமெரிக்காவின் போர்களில் தீவின் மைந்தர்கள் களம் கண்டிருக்கிறார்கள். அவர்களைப் போருக்கு அனுப்பும் ஜனாதிபதியைத் தெரிவுசெய்வதில் தீவில் வாழ்வோருக்குப் பங்கில்லை.

2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தீவின் சனத்தொகை ஏறத்தாழ 33 இலட்சம். ஆறு இலட்சம் பேர்கூட இல்லாத வயோமிங் மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்களும் பிரதிநிதிகள் சபையில் ஓர் உறுப்பினரும் உள்ளனர். புவேர்ட்டோ ரிக்கோவுக்கு செனட்டர் எவருமில்லை. பிரதிநிதிகள் சபைக்கு அது அனுப்பும் ஆணையாளர் அங்கு பேசலாம். சட்டமூலம் நிறைவேறும் வேளையில் வாக்களிக்க முடியாது. 7,000 கோடி டொலருக்கும் மேற்பட்ட கடனில் தீவு மூழ்கியபோது, அதன் நிதியை மேற்பார்வை செய்ய 2016இல் காங்கிரஸ் எழுவர் கொண்ட சபையொன்றை உருவாக்கியது. அந்தச் சபையிலும் மக்கள் தெரிவுசெய்த ஆளுநருக்கு ஆசனமுண்டு, வாக்கில்லை.

தீவு மக்கள் வரி செலுத்துவதில்லையே என்று கேட்போர் உண்டு. தீவினுள் ஈட்டும் வருமானத்துக்குப் பெரும்பாலானோர் மத்திய அரசின் வருமான வரி செலுத்துவதில்லை என்பது மெய்தான். ஆனால் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்புறுதிக்குமான வரிகளை அவர்கள் செலுத்துகிறார்கள். வறிய முதியோருக்கும் அங்கவீனருக்கும் மாநிலங்களில் வழங்கப்படும் உதவித்தொகையைத் தீவில் வாழ்வோருக்கு மறுக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் இந்த வரிக் காரணமே முன்வைக்கப்பட்டது. எண்மர் ஆதரித்த அத்தீர்ப்பை எதிர்த்தவர், புவேர்ட்டோ ரிக்கோப் பெற்றோருக்குப் பிறந்த நீதியரசர் சோனியா சோட்டோமயோர் ஒருவரே. அந்த உதவித்தொகையைப் பெறுமளவுக்கு வறியவர் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் வருமான வரி செலுத்தப் போவதில்லை. அவ்வாறிருக்க வரி எங்ஙனம் காரணமாகும்?

இரண்டாவது வாதம் சற்று வலுவானது. மக்களுக்கு என்ன வேண்டுமென்று மக்களே தீர்மானிக்கவில்லையே என்பது அது. 1967 முதல் 2024 வரை ஏழு வாக்கெடுப்புகள் நடந்துள்ளன. 2017இல் 97 வீதத்தினர் மாநில அந்தஸ்தை ஆதரித்தனர். ஆனால் எதிர்த்தரப்பினர் பகிஷ்கரித்ததால் வாக்களித்தவர்கள் 23 வீதத்தினரே. 2020இல் ஆதரவு 52 வீதத்தைச் சற்றே தாண்டியது. 2024இலும் மாநில அந்தஸ்தே முதலிடம் பெற்றது. எனினும் அதே நாளில் நடந்த ஆளுநர் தேர்தலில் சுதந்திரத்தை வேண்டும் கட்சியின் வேட்பாளர் இரண்டாம் இடத்துக்கு வந்தார். மக்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதை நானும் மறுக்கவில்லை.

ஆயினும் இந்த ஏழு வாக்கெடுப்புகளில் ஒன்றேனும் காங்கிரஸைக் கட்டுப்படுத்தவில்லை. முடிவு எதுவாயினும் ஏற்போம் என்று வாஷிங்டன் ஒருபோதும் வாக்குறுதி அளித்ததில்லை. பயன் தராத வாக்கெடுப்பைப் பகிஷ்கரிப்பது எளிது. அதில் மனம்போன போக்கில் வாக்களிப்பதும் எளிது. தன் தீர்ப்பு நிறைவேறும் என்று அறிந்தவனே ஆழ்ந்து சிந்தித்து வாக்களிப்பான். ஆகவே மக்களின் தயக்கத்தைக் காட்டித் தீர்வைத் தள்ளிப்போடுவோர், அத்தயக்கத்தை வளர்ப்பவர்கள் தாமே என்பதை மறைக்கிறார்கள்.

காங்கிரஸைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்புக்கு வழிசெய்யும் சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபை 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. மாநில அந்தஸ்து, சுதந்திரம், சுதந்திரக் கூட்டிணைவு ஆகிய மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய அது இடமளித்தது. செனட் சபை அதைக் கையிலெடுக்காமலே அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது.

புவேர்ட்டோ ரிக்கோ மாநிலமாக வேண்டுமா, தனிநாடாக வேண்டுமா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அத்தீவின் மக்கள். அவர்கள் சொல்வதற்குக் கட்டுப்படுவோம் என்று முதலில் சட்டமியற்ற வேண்டியது காங்கிரஸ். அந்தச் சட்டம் வரும்வரை எட்டாவது வாக்கெடுப்பு நடந்தாலும் அது வெறும் கருத்துக்கணிப்பாகவே முடியும்.