முனைவர் பட்டமும் முந்நூறு பக்கமும் போதுமா?

தமிழாய்ந்து முனைவர் பட்டம் பெற்ற இளைஞன் மறுநாள் எங்குச் செல்வான்? பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்கள் இவ் வினாவை எழுப்புவதில்லை. கடலூரிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் தில்லைக்குச் சென்று பயிலும் உழவர், மீனவர், நெசவாளர் மக்களுக்கோ இதுவே தலையாய வினா.

1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழுக்குச் செய்த பணி சிறிதன்று. நாவலர் சோமசுந்தர பாரதியார் அங்குத் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கினார். மொழிஞாயிறு பாவாணர் 1956 முதல் 1961 வரை அங்குப் பணியாற்றினார். அத்தகைய இடத்திலும் ஆய்வு மாணவனுக்குக் காட்டப்பெறும் வாயில் ஒன்றே; அது கல்லூரி ஆசிரியப் பணி.

அவ் வாயிலும் ஒடுங்கிவிட்டது. 2013-இல் அரசு அப்பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்தபின், மிகையாயிருந்த ஆசிரியர் பலர் அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றப்பெற்றனர். புதியவர் அமர வேண்டிய இருக்கைகளிற் பல இவ்வாறு நிரம்பின. பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்று பல்கலைக்கழக நல்கைக்குழு 2018-இல் அறிவித்தது, நாளைத் தள்ளிவைத்தது, 2023-இல் கட்டாயமில்லை என்று விலக்கிக்கொண்டது. அவ்வறிவிப்பை நம்பி ஆய்வில் இறங்கியவன் நிலை என்ன? அவனுக்கு எஞ்சியது மதிப்புறு விரிவுரையாளர் பணி. மதிப்பு பெயரில் உண்டு, ஊதியத்தில் இல்லை. திங்களுக்கு 50,000 உருவா வரை வழங்கலாம் என்று அக்குழு 2019-இல் வகுத்தும், அத்தொகை பலர்க்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

ஆய்வு மாணவர்க்குக் கற்பித்தற் பயிற்சி வேண்டும் என்றும், கிழமைக்கு நான்கு முதல் ஆறு மணிநேரம் துணைப்பணி தரலாம் என்றும் 2022-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகின்றது. நன்றே. ஆயினும் அதுவும் பெரிதும் அந்த ஒடுங்கிய வாயிலுக்கே ஆள் சேர்க்கின்றது.

தமிழ் கற்றார்க்கு வேறு பணி இல்லையா? பாவாணரின் வாழ்வே விடை கூறும். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்திற்கு அவர் 1974-இல் இயக்குநராக அமர்த்தப்பெற்றார். 1981-இல் மறைந்தார். முதற்பகுதி 1985-இல் வெளிவந்தது. முழுப்பணி நிறைவுற 2011 ஆயிற்று. முப்பத்தேழு ஆண்டுகள்! அகரமுதலித் தொகுப்புக்கு எத்தனை தேர்ந்த கைகள் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக எது காட்டும்? ஓலைச்சுவடிப் பதிப்பு, கல்வெட்டுப் படிப்பு, கலைச்சொல்லாக்கம், சட்ட மொழிபெயர்ப்பு, பாடநூல் எழுதுதல், கணினித் தமிழ் ஆகிய அனைத்தும் கற்றவரை எதிர்நோக்கி நிற்கின்றன. ஆனால் முந்நூறு பக்க ஆய்வேடு எழுதியவனுக்கு ஓர் ஏட்டைப் படித்துப் பாடவேறுபாடு குறிக்கத் தெரியவில்லையெனின், குற்றம் அவனுடையதன்று, அவனைப் பயிற்றாதவருடையது.

“ஆய்வு அறிவுக்கே, வயிற்றுக்கன்று” என்பார் சிலர். நிலைத்த ஊதியம் பெறுவார்க்கு அவ்வுரை எளிது. வறுமையால் ஆய்வைக் கைவிட்டவன் அறிவுக்கும் பயன்படான். தமிழ் சோறு போடாது என்னும் பழிச்சொல்லுக்கு அவன் வாழ்வே சான்றாகிவிடும். அதனைக் கண்ட எந்தத் தாய் தன் மகளைத் தமிழ் பயில விடுப்பாள்?

எனவே, ஒவ்வோர் ஆய்வு மாணவரும் ஆய்வேட்டுடன் சுவடி, அகரமுதலி, மொழிபெயர்ப்பு, கணினி ஆகியவற்றுள் ஒன்றிலேனும் கைத்தேர்ச்சி பெறல் வேண்டும். நெறியாளர், மாணவரைச் சேர்க்கும்போதே பணிவாய்ப்பின் உண்மை நிலையை ஒளியாது உரைத்தல் வேண்டும். அரசோ, ஆட்சியிலும் முறைமன்றத்திலும் தமிழை மெய்யாகவே அமர்த்தி, அதற்குரிய பணியிடங்களைத் தோற்றுவித்தல் வேண்டும். தமிழ் ஆளும் இடத்தில்தான் தமிழ் கற்றவன் வாழ்வான். தில்லையில் பட்டம் பெற்றுக் கடலூருக்குத் திரும்பும் பிள்ளையின் கையில் தாளோடு தொழிலும் இருத்தல் வேண்டும்.