நெஞ்சுல இருக்குற படம் பார்த்தாச்சா பாஸ்?

நெஞ்சுல 'பல்ப் ஃபிக்‌ஷன்' போஸ்டர் போட்ட கறுப்பு டி-ஷர்ட். மாட்டிக்கிட்டு நிலக்கோட்டை பூ மார்க்கெட் பக்கம் பந்தாவா போனேன். மல்லிகை மூட்டை இறக்கிட்டிருந்த அண்ணன் கேட்டார்: "தம்பி, அது என்ன படம்? கதை என்ன?" முழிச்சேன். 1994-ல வந்த அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை!

உங்ககிட்டயும் இப்படி ஒரு டி-ஷர்ட் இருக்கா? அப்ப இதைக் கேளுங்க. சின்ன வயசுல மதுரை பூ மார்க்கெட்ல மூட்டை தூக்கி, அப்புறம் திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை பார்த்தவர் பி.எஸ்.வினோத்ராஜ். சென்னை டி.வி.டி. கடையில வேலை பார்த்தப்போ உலகப் படமா பார்த்துத் தள்ளினார். அவரோட முதல் படம் 'கூழாங்கல்', 2021-ல ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்குச்சு. அந்த விருது வாங்கின முதல் தமிழ்ப் படம்! கோபக்கார அப்பாவும் மகனும் கொளுத்துற வெயில்ல 13 கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்புறாங்க. கதை அவ்வளவுதான். ஆனா, அது நம்ம பக்கத்து வெயில்.

பனியன் கம்பெனியில நின்ன பையன், பனியன்ல அச்சடிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துட்டார். நாம அதைப் பார்க்கவாவது வேணாமா?

நான் பார்த்துட்டேன். அடுத்த டி-ஷர்ட் 'கூழாங்கல்'தான். அந்த அண்ணன் கேட்டா கதை சொல்ல நான் ரெடி. நீங்க?